இரண்டாவது பௌர்ணமி: கடை நடத்திக் கற்கும் மாணவர்கள்

திருவண்ணாமலையில் வளரும் பிள்ளைக்கு வியாபாரம் புதிதல்ல. மாதம் தவறாமல் பௌர்ணமி வருகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகக் கடைகள் முளைக்கின்றன. கற்பூரம், அகல், ருத்ராட்சம், இளநீர், சுக்குக் காபி, அவித்த கடலை, மூலிகைப் பொடி, பிளாஸ்டிக் புல்லாங்குழல் என்று விற்காத பொருள் இல்லை. அம்மாவுக்குத் துணையாகத் தராசு பிடிக்கும் பையனையும், சில்லறை எண்ணிக் கொடுக்கும் பெண்ணையும் அங்கே எந்தப் பௌர்ணமியிலும் பார்க்கலாம். மறுநாள் அதே பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து 'தொழில்முனைவோரின் பண்புகள் யாவை?' என்ற ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை மனப்பாடம் செய்கிறார்கள். முன்தின இரவு சில்லறை எண்ணியதற்கும் இந்த விடைக்கும் தொடர்பு உண்டென்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

மாணவர்களைச் சிறு தொழில் ஒன்றைத் திட்டமிடவும் நடத்தவும் விட்டு, அதன் வழியே தொழில்முனைவைக் கற்பிக்கலாம் என்ற எண்ணம் இப்போது எல்லா இடத்திலும் பேசப்படுகிறது. கல்லூரிகளில் தொழில்முனைவோர் மேம்பாட்டு மையங்கள் இருக்கின்றன. பள்ளிகளில் புத்தாக்கப் போட்டிகள் நடக்கின்றன. உணவுத் திருவிழா நடத்தாத கலைக் கல்லூரியைக் காண்பது அரிது. இவற்றால் பிள்ளைகள் கற்றது என்ன என்று கேட்டால் மட்டும் தெளிவான பதில் வருவதில்லை. உள்ளூரிலும் வெளியூரிலும் செய்து பார்த்தவற்றையும், அவற்றை அளந்து பார்த்தவர்கள் கண்டதையும் வரிசையாகப் பார்த்தபின் என் முடிவு இது: முதல் கடை உற்சாகத்தைத் தருகிறது, கல்வியைத் தருவது இரண்டாவது கடைதான். நம் திட்டங்கள் பெரும்பாலும் முதல் கடையோடு நின்றுவிடுகின்றன.

செய்து கற்பது என்பதை ஏதோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானதாக நினைக்க வேண்டியதில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் மனப்பாடமாக ஓதப்பட்டன. காணி, மாகாணி, அரைக்கால், கால் என்று பின்னங்களின் பெருக்கம் நாவில் நின்றது. நெல் அளக்கிறவனுக்கும் பொன் நிறுக்கிறவனுக்கும் நாள்தோறும் வேண்டிய கணக்கு அது. நாட்டுக்கோட்டை நகரத்தார் இதற்கு மேல் ஒரு படி போனார்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த வட்டிக் கடைகளுக்குச் சிறுவர்களை அனுப்பி, பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிப்படியாக ஏற்றினார்கள். பெட்டியடியில் உட்கார்ந்தவனுக்கு முதலில் கிடைத்தது எடுபிடி வேலையும் கணக்கு எழுதும் வேலையும்தான். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று ஆண்டுக்கணக்கில் எழுதிப் பழகிய பிறகே பிறர் பணத்தைக் கையாளும் பொறுப்பு வந்தது. முதலைக் கையில் கொடுக்கும் முன் கணக்கைக் கையில் கொடுத்த முறை அது. ஆனால் அந்தப் பெட்டியடிகூட அந்தச் சமூகத்துப் பையன்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. பெண்களுக்கும், வியாபாரக் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பள்ளி எங்கும் இருக்கவில்லை.

பொதுப் பள்ளியில் தொழிலைக் கொண்டுவரும் முயற்சி 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டோடு பெரிய அளவில் தொடங்கியது. கைத்தொழில் வழியே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும், பிள்ளைகள் செய்யும் பொருளின் வருமானமே ஆசிரியர் சம்பளத்துக்கு உதவ வேண்டும் என்றார் காந்தி. அந்த இரண்டாவது கருத்து அன்றே பலரைக் கலங்க வைத்தது. திட்டத்தை வகுத்த ஜாகிர் உசேன் குழுவே, வருமானத்தின்மேல் கண் போனால் கல்வி பின்தள்ளப்படும் என்று எச்சரித்தது. இன்று சுண்டல் விற்கும் மாணவர் குழுவிடம் 'எவ்வளவு லாபம்?' என்று மட்டும் கேட்கும் ஆசிரியருக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே 1953 நினைவுக்கு வரும். ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றார்கள். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. தொழில் கற்பிப்பது பிள்ளைகளைக் குலத்தொழிலிலேயே கட்டிப்போடும் என்ற சந்தேகம் இன்னும் உயிரோடு இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை 2024இல் ஏற்க மறுத்தபோது தமிழக அரசு கேட்டவையும் இந்த வழியில் வந்தவைதான்: குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்குங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள்.

அப்படியானால் பள்ளியில் கடை நடத்தச் சொல்வது குலக்கல்வியின் மறுவடிவமா? மண்பாண்டம் செய்பவரின் மகனை அகல் விற்கச் சொல்லி, பூக்கட்டுபவரின் மகளைப் பூ விற்கச் சொன்னால் நிச்சயமாக மறுவடிவம்தான். தகப்பன் தொழில் அல்லாத ஒன்றை, வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள் ஒரே குழுவாகச் சேர்ந்து, படிப்பு நேரம் குறையாமல் நடத்தினால் அது குலக்கல்விக்கு நேர் எதிரான காரியமாகிவிடும். ஒரு சமூகத்தின் பெட்டியடிக்குள் இருந்த கணக்குத் திறனை எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் திறந்துவிடுகிற வேலை அது. மாணவர் தொழில் திட்டங்களுக்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய மிக வலுவான காரணமும் இதுதான். குழுவை யார் யாரோடு அமைக்கிறோம் என்பதை ஆசிரியர் வருகைப் பதிவேட்டு வரிசைக்கு விட்டுவிடக் கூடாது.

இன்றைய அரசுத் திட்டங்களுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1ஆம் தேதி தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களின் வேலைத் திறனைக் குறிவைக்கிறது. தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், யுனிசெஃப் துணையோடு அரசுப் பள்ளிகளில் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம் நடத்துகிறது. சுற்றிலும் உள்ள சிக்கல் ஒன்றை மாணவர் குழு கண்டுபிடித்து, அதற்குத் தீர்வு யோசித்து, மாதிரி செய்து காட்ட வேண்டும். நல்ல திட்டம். கிராமத்துப் பிள்ளைகள் மேடையேறித் தங்கள் யோசனையைச் சொல்லும்போது வரும் தன்னம்பிக்கையைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அது யோசனையில் தொடங்கிப் பரிசில் முடிகிறது. யாருக்காவது விற்று, மீதிப் பணம் எவ்வளவு என்று எண்ணும் கட்டம் பெரும்பாலான குழுக்களுக்கு வருவதே இல்லை.

அந்தக் கட்டம் வரை துணிந்து போனது டெல்லி. அங்கே 2019இல் அரசுப் பள்ளிகளில் தொழில்முனைவு மனப்பான்மைப் பாடம் வந்தது. 2021இல் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' என்ற பெயரில் 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் வரை விதைப்பணம் கொடுத்தார்கள். ஏறத்தாழ 3 லட்சம் மாணவர்கள், 51,000 குழுக்கள், 60 கோடி ரூபாய். அரசுப் பணத்தைப் பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் நம்பிக் கொடுத்தது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். கடைசியில் முதலீட்டாளர்கள் முன் கண்காட்சியில் நின்றவை 126 குழுக்கள். தொலைக்காட்சியும் செய்தித்தாளும் அவர்களைத்தான் காட்டின. மீதி ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்களில் பணம் கரைந்தவை எத்தனையோ, நண்பர்கள் பிரிந்தவை எத்தனையோ, பொருள் தேங்கிப்போனவை எத்தனையோ. அந்த அனுபவங்கள் வகுப்பறைக்குத் திரும்பி வந்து பேசப்பட்டிருந்தால், 126 வெற்றிக் கதைகளைவிட அவை நூறு மடங்கு பெரிய பாடநூலாகியிருக்கும்.

மாணவர் நிறுவனம் என்ற முறைக்கு உலகில் நூறாண்டு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1919இல் தொடங்கிய 'ஜூனியர் அச்சீவ்மென்ட்' அமைப்பு அதன் தாய். மாணவர்கள் சிறு பங்குகள் விற்று முதல் திரட்டுவார்கள், ஒரு பொருளைச் செய்து விற்பார்கள், ஆண்டு முடிவில் நிறுவனத்தைக் கலைத்துப் பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டுவார்கள். ஐரோப்பாவில் இம்முறை பரவலாக இருப்பதால் அதன் பலனை அளந்த ஆய்வுகளும் அங்கே அதிகம்.

அவற்றில் இரண்டை அருகருகே வைத்துப் பார்த்தால் சுவையான முரண் தெரிகிறது. நெதர்லாந்தில் ஒரு கல்லூரியின் மாணவர் நிறுவனத் திட்டத்தை ஊஸ்டர்பேக்கும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். மாணவர்களின் தொழில்முனைவுத் திறன்கள் கூடவில்லை. சொந்தத் தொழில் தொடங்கும் விருப்பமோ முன்பிருந்ததைவிடக் குறைந்துவிட்டது. ஸ்வீடனில் எலெர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் மேல்நிலைப் பள்ளியில் மாணவர் நிறுவனம் நடத்தியவர்களைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்து 2015இல் எழுதினார்கள். அவர்கள் பின்னாளில் தொழில் தொடங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது, தொழில்வழி வருமானமும் கூடுதல். தொடங்கிய தொழில் நீடித்து நிற்பதில் மட்டும் வேறுபாடு இல்லை.

இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்றே எனக்குப் படுகிறது. கடையை மூடிய மறுநாள் கேட்டால் களைப்புத்தான் பேசும். 'அப்பாடா, நமக்கு இது சரிப்படாது' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. தொழிலின் கனம் என்னவென்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. பத்தாண்டு கழித்து ஒரு வாய்ப்பு கண்ணில் படும்போது, ஒருமுறை கணக்கு எழுதிய கை அதை வேறு விதமாக எடைபோடும். ஆகவே திட்டம் முடிந்த வாரத்தில் 'எத்தனை பேர் தொழில்முனைவோர் ஆக விரும்புகிறீர்கள்?' என்று படிவம் கொடுத்து அளப்பது வீண். விருப்பம் குறைந்த மாணவர் நன்றாகக் கற்றவராகவும் இருக்கலாம்.

மூன்றாவது ஆய்வு நம் கல்லூரிகளுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. துனீசியாவில் 2009-10 கல்வியாண்டில் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவர்கள் வழக்கமான ஆய்வேட்டுக்குப் பதிலாக ஒரு தொழில் திட்டம் எழுதித் தரலாம் என்று அனுமதித்தார்கள். பயிற்சியும் வழிகாட்டலும் கொடுத்தார்கள். சுயதொழிலில் இறங்கியவர்கள் கொஞ்சம் கூடினார்கள், ஆனால் அந்த உயர்வு மிகச் சிறியது. நான்கு ஆண்டுகளில் அதுவும் மறைந்துவிட்டது. நம் வணிகவியல், வணிக நிர்வாகவியல் மாணவர்கள் கடைசிப் பருவத்தில் பைண்டிங் செய்து கொடுக்கும் 'பிராஜெக்ட்' இதைவிடவும் பலவீனமானது. அதில் பாதி ஜெராக்ஸ் கடையிலேயே தயாராகிறது என்பது ஊரறிந்த செய்தி. எழுதிய திட்டம் மட்டும் யாரையும் வியாபாரி ஆக்குவதில்லை.

வெறும் அனுபவம் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைச் சோதித்து 2025இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். காய்கறிக் கடையில் நின்று 800 கிராம் உருளைக்கிழங்கும் 1.4 கிலோ வெங்காயமும் சேர்த்து விலை சொல்லி, மீதிச் சில்லறையும் சரியாகத் தரக்கூடிய பிள்ளைகள் அவர்கள். அதைவிட எளிய கணக்கைப் பள்ளி வடிவில் தாளில் கொடுத்தபோது தடுமாறினார்கள். சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகள் தாள் கணக்கை ஓரளவு போட்டார்கள், கடைக் கணக்கில் திணறினார்கள். ஒரு பக்கத்துத் திறன் மறுபக்கத்துக்குத் தானாக நகரவில்லை.

கிரிவலப் பாதையில் தராசு பிடிக்கும் பிள்ளைகளை இந்த ஆய்வு வரிக்கு வரி விவரிப்பதுபோல் இருக்கிறது. கடை மட்டும் போதாது, வகுப்பு மட்டும் போதாது, இரண்டையும் ஒரே கணக்கு நோட்டில் யாராவது உட்கார்ந்து சேர்த்து எழுத வேண்டும். அந்த 'யாராவது' ஆசிரியர்தான். மாணவர் தொழில் திட்டத்தில் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய வேலை வேறு இல்லை.

ஒரு கணக்கை இங்கேயே போட்டுப் பார்ப்போம். ஐந்து மாணவர்கள் ஆளுக்கு 300 ரூபாய் போட்டு 1,500 ரூபாய் முதலில் பௌர்ணமி மாலை சுண்டல் விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும், கணக்கின் போக்கைக் கவனித்தால் போதும். கொண்டைக்கடலை 5 கிலோ 450 ரூபாய். தேங்காய் நான்கு 120. மாங்காய், எண்ணெய், தாளிப்புச் சாமான் 130. பாக்குமட்டைத் தொன்னை 150க்கு 225, ஏனென்றால் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தடை. எரிவாயு 150. ஆட்டோ போக வர 200. மொத்தம் 1,275. ஊறி வெந்த கடலை 11 கிலோவுக்குக் குறையாமல் வரும், தொன்னைக்கு 75 கிராம் வைத்தால் 150 தொன்னை. தொன்னை 15 ரூபாய் என்றால் முழுதும் விற்றால் 2,250. லாபம் 975.

உணவுத் திருவிழாவாக இருந்தால் இந்த 975ஐக் கரும்பலகையில் எழுதிக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். கற்றல் தொடங்குவதே அதன் பிறகுதான். எத்தனையாவது தொன்னையில் கைமுதல் திரும்பியது? 1,275ஐ 15ஆல் வகுத்தால் 85. அதுவரை விற்றது எல்லாம் கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் போன பணம். மழை வந்து 90 தொன்னையோடு நின்றிருந்தால் கையில் மிஞ்சுவது 75 ரூபாயும், மறுநாள் காலைக்குள் ஊசிப்போகும் ஒரு குண்டான் சுண்டலும். அடுத்து உழைப்பு. ஊறவைத்து வேகவைக்க நான்கு மணி நேரம், நின்று விற்க ஐந்து மணி நேரம், ஐந்து பேருக்கு 45 மணி நேரம். 975ஐ 45ஆல் வகுத்தால் மணிக்கு 22 ரூபாய்க்கும் குறைவு. அதிலும் வேகவைத்தது யாரோ ஒருவரின் அம்மா, அவருக்குக் கூலி எழுதவில்லை. குண்டானும் அடுப்பும் வீட்டுடையவை, அவற்றுக்கு வாடகை எழுதவில்லை. இவற்றையெல்லாம் எழுதிய பிறகு லாபம் இருக்கிறதா? தன் அம்மாவின் உழைப்புக்கு வாழ்நாளில் முதல்முறையாக ஒரு தொகை போட்டு எழுதும் பதினேழு வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் கற்பதை எந்தப் பாடநூலும் தர முடியாது.

கிரிவலப் பாதை தரும் வேறு பாடங்களும் உண்டு. கூட்டம் ஒரே திசையில் நகர்கிறது. கடையைக் கடந்து போனவர் அன்றிரவு திரும்பி வரமாட்டார், யோசித்துவிட்டு அப்புறம் வாங்கலாம் என்ற வாய்ப்பே இல்லை. ராஜகோபுரத்தருகே இப்போதுதான் நடக்கத் தொடங்கியவருக்குப் பசி இருக்காது. அதே மனிதர் ஆதி அண்ணாமலை தாண்டும்போது உட்கார இடமும் தின்ன ஏதாவதும் தேடுவார். பாதையோர லிங்கச் சன்னதிகளில் ஒன்றான குபேர லிங்கத்தில் கூட்டம் தேங்கும், ஆனால் அங்கே மனசு காணிக்கையில் இருக்கும். ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருவோர் பெருகிவிட்டதால் விலையைத் தெலுங்கில் சொல்லத் தெரிந்த பையன் நிற்கும் கடையில் கூட்டம் நிற்கிறது. இவை எல்லாவற்றையும் சந்தை ஆய்வு என்றுதான் கல்லூரி சொல்கிறது. இங்கே அதைச் செய்யப் படிவம் வேண்டாம், எந்த லிங்கத்தருகே எத்தனை மணிக்கு என்ன விற்கிறது என்று ஒரு பௌர்ணமி முழுக்க நின்று குறித்துக்கொள்ளும் நோட்டு போதும். முதல் மாதம் கடையே போடாமல் இதை மட்டும் செய்யச் சொல்வேன்.

அந்த நோட்டோடு நிற்கும் பிள்ளைகளுக்கு விரைவில் ஒன்று தெரியவரும். சுண்டல் கடைக்குப் போட்டி இன்னொரு சுண்டல் கடை அல்ல, அன்னதானம். சித்ரா பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்தன்றும் பாதையெங்கும் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் இலவசமாகக் கிடைக்கின்றன. இலவசத்தோடு விலையில் போட்டியிட முடியாது, வேறு எதையாவதுதான் கொடுக்க முடியும். கால்வலிக்கு வெந்நீர், களைத்த குழந்தைக்குப் பனையோலை விசிறி, வழி தவறிய முதியவருக்குப் பேருந்து நிலைய வரைபடம். இப்படி யோசிக்கத் தொடங்கும்போது, வாங்குபவரின் தேவையில் தொடங்கு என்ற பாடத்தை யாரும் போதிக்காமலே பிள்ளைகள் எட்டிவிடுவார்கள்.

இன்னொரு சிக்கலை நம் திட்டங்கள் பேசுவதே இல்லை. கிரிவலப் பாதையில் கூடை வைத்து விற்கும் பாட்டிக்கு அந்த இரவின் வருமானம் அடுத்த இரண்டு வாரத்து அரிசி. அவர் முதல் பெரும்பாலும் கைமாற்று, அதற்கு வட்டி உண்டு. பக்கத்தில் கல்லூரி பேனரோடு, வட்டியில்லா முதலோடு, அம்மாவின் கூலியில்லா உழைப்போடு ஒரு மாணவர் குழு விலை குறைத்து விற்றால் அடிபடுவது பாட்டி. தொழில்முனைவைக் கற்பிக்கிறோம் என்று சொல்லி ஏழையின் பிழைப்பில் கைவைக்கக் கூடாது. மாணவர்கள் அவருக்குப் போட்டியாக நிற்காமல் அவரோடு தொழில் செய்யலாம். நான்கைந்து பேருக்குச் சேர்த்து மொத்த விலையில் கடலை வாங்கிக் கொடுப்பது, தொன்னை சப்ளை செய்வது, அவர் கணக்கை எழுதித் தருவது எல்லாமே தொழில்தான். அவற்றுக்குக் கமிஷன் கேட்பதிலும் தவறில்லை. மொத்த வியாபாரத்தின் இலக்கணம் அங்கேதான் பிடிபடும்.

சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி 14 வயது நிரம்பாதவருக்கு வியாபாரச் சான்று கிடையாது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைக்கத் தடை விதிக்கிறது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. ஆகவே நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளின் கடை பள்ளி வளாகத்துக்குள் இருப்பதே முறை. சாலையோர உணவுக் கடைக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது என்பதால் இடத்துக்கும் கடனுக்கும் கையெழுத்துப் போட ஒரு பெரியவர் வேண்டும். இவற்றை ஆசிரியரே முடித்துக் கையில் கொடுத்துவிடக் கூடாது. மாநகராட்சி அலுவலகத்துக்கு மாணவர்கள் போகட்டும், படிவத்தை நிரப்பட்டும், நாளை வா என்ற பதிலையும் கேட்டுவிட்டு வரட்டும். திருவண்ணாமலை 2024இல்தான் மாநகராட்சி ஆனது. இனி அனுமதி கேட்டு நிற்பவர்களின் வரிசை குறையப்போவதில்லை.

சிறியதாகத் தோன்றும் ஒன்று, கியூஆர் அட்டை. மாணவர் கடைகளில் அது பெரும்பாலும் யாராவது ஒருவருடைய அப்பாவின் கணக்கோடு இணைந்திருக்கும். வாங்குபவர் பாதிப்பேர் அதில்தான் பணம் போடுவார்கள். பணம் வீட்டுக் கணக்கில் கலந்ததும் கடைக்கணக்கு செத்துவிடும், ஐவருக்கும் இடையே சந்தேகம் முளைக்கும். பத்து வயது நிரம்பியவர்கள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் திறக்க ரிசர்வ் வங்கி 2014இலேயே வழிசெய்திருக்கிறது. கடைக்கென்று தனிக் கணக்கு, அதில் வந்த ஒவ்வொரு ரூபாயும் அன்றிரவே நோட்டில் ஏற வேண்டும். குடும்பப் பணமும் கடைப் பணமும் கலந்து மூடிப்போன கடைகளை நம் ஊர்க் கடைத்தெருக்களில் எத்தனையோ பார்த்திருக்கிறோம். பிரித்து வைக்கும் பழக்கம் பதினாறு வயதில் வந்தால் அறுபது வரை நிற்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும். கிரிவலக் கூட்டம் இரவில்தான் பெருகும். 'பெண்கள் ஆறு மணியோடு கிளம்பிவிடுங்கள், பையன்கள் பார்த்துக்கொள்ளட்டும்' என்று முடித்துவிடுவது எளிது. அப்படி முடித்தால் சமைப்பது பெண்களுக்கு, பணம் வாங்குவது பையன்களுக்கு என்று வேலை பிரிந்துவிடும். அதற்குப் பதிலாக மொத்தக் கடையும் மாலை நான்கு முதல் ஒன்பது வரை மட்டும், பேருந்து நிலையத்துக்குப் பக்கமான பகுதியில் மட்டும் என்று வைக்கலாம். விற்பனை கொஞ்சம் குறையும். பணப்பெட்டியும் கணக்கு நோட்டும் மாதம் ஒருவர் கையில் மாறி மாறி வர வேண்டும்.

எல்லாமே கோயிலைச் சுற்றித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த மாவட்டம் வேர்க்கடலைக்குப் பேர்போனது. ஆரணியில் பட்டும் வந்தவாசியில் கோரைப்பாயும் நெய்கிறார்கள். ஜவ்வாது மலையில் சாமையும் தேனும் புளியும் விளைகின்றன. ஜமுனாமரத்தூரில் படிக்கும் மாணவர்கள் சாமையைக் குத்திச் சுத்தம் செய்து அரைக் கிலோ பையில் அடைத்துக் கீழே அனுப்பினால், அது ஒரு நாளில் ஊசிப்போகாது, தேங்கினாலும் அடுத்த மாதம் விற்கலாம். தானியமாகக் கொடுத்தால் கிடைக்கும் விலைக்கும் அரிசியாக்கிக் கொடுத்தால் கிடைக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை அவர்களே கணக்கிட்டுப் பார்த்தால், தங்கள் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் எதை இழந்தார்கள் என்பது தெரியவரும். அந்த அறிவு ஒரு கடையைவிடப் பெரியது. சுண்டல் அன்றைய இரவின் கூட்டத்தைக் கணிக்கக் கற்பிக்கும், சாமையோ இருப்பையும் தரத்தையும் கற்பிக்கும். ஒரே பள்ளியில் இரண்டு வகையும் நடந்தால் ஒரு குழு மற்றக் குழுவின் நோட்டைப் படிக்கலாம்.

இனி முக்கியமான ஏற்பாடு, காலம். ஒருநாள் திருவிழாக் கடையில் தவறு நடந்தால் அதைத் திருத்திப் பார்க்க அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் மாணவர் பள்ளியை விட்டே போயிருப்பார். இந்த ஊருக்கு மட்டும் இயற்கை ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கிறது. இருபத்தொன்பது, முப்பது நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் அதே சந்தை திரும்பவும் கூடுகிறது. போன மாதம் 60 தொன்னை மிஞ்சியதா, இந்த மாதம் மூன்று கிலோ போடு. நிருதி லிங்கத்தருகே விற்கவில்லையா, ஆதி அண்ணாமலைக்கு நகர். இரண்டாவது பௌர்ணமியில் பிள்ளைகள் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் முதல் பௌர்ணமியின் கணக்கில் காரணம் எழுதியிருக்க வேண்டும். ஆசிரியர் மதிப்பெண் போட வேண்டியது அந்தக் காரணத்துக்குத்தான், லாபத்துக்கு அல்ல. நட்டப்பட்ட குழு தெளிவான கணக்கோடு வந்தால் முழு மதிப்பெண் வாங்க வேண்டும். ஆயிரம் ரூபாய் லாபத்தோடு நோட்டு இல்லாமல் வந்த குழுவுக்குப் பாதிகூடப் போடக் கூடாது.

ஜூலையில் தொடங்கினால் ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று கார்த்திகைக்கு முன் நான்கு பௌர்ணமிகள் கிடைக்கின்றன. ஆடியில் பார்த்துக் குறித்துக்கொள்வது, ஆவணியில் முதல் கடை, புரட்டாசியில் திருத்திய கடை, ஐப்பசியில் மழையை எதிர்பார்த்து நடத்தும் கடை. லட்சக்கணக்கானோர் கூடும் மகா தீபத்தன்று மாணவர்கள் கடை போட வேண்டாம். நெரிசலும் காவல் கெடுபிடியும் பிள்ளைகளுக்கு ஏற்றவையல்ல. அரையாண்டுத் தேர்வும் அப்போது நெருங்கிவிடும். தீபம் முடிந்த வாரத்தில் ஒவ்வொரு குழுவும் ஐந்தொகை எழுதி, 300 ரூபாய் போட்டவருக்கு எவ்வளவு திரும்புகிறது என்று பெற்றோர் முன்னிலையில் சொல்ல வேண்டும். கைமுதல் கரைந்திருந்தால் அதையும் அங்கேயே சொல்ல வேண்டும். பள்ளி வளர்ச்சி நிதியிலிருந்து அதை ஈடுகட்டுவதா, பிள்ளைகளே ஏற்பதா என்பதை ஜூலையில் முதல் ரூபாய் போடும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு 300 ரூபாய் இழப்பும் பெரியது. அந்தப் பயத்தால் அவர் குழுவில் சேராமலே ஒதுங்கிவிட்டால், யாருக்காக இவ்வளவும் செய்கிறோமோ அவரே வெளியில் நிற்பார். என் கருத்தில் முதல் கடையின் நட்டத்தைப் பள்ளி ஏற்க வேண்டும், இரண்டாவது கடையிலிருந்து பாதிக்குப் பாதி.